அனார்குல் அக்காவின் முதுகு

நாரின் என்ற எங்கள் மலையூரில் அனார்குல் அக்காவைப் "புருஷன் செத்ததுக்கு அழாதவள்" என்றுதான் சொல்வார்கள். அவளை அழவிடாதவர்கள் எங்கள் சபைக்காரர்கள்.

அக்கா பாலர் பள்ளியில் சமையல்காரி. அவள் புருஷன் தோக்தோசுன் மாமா லாரி ஓட்டினார். இருவரும் இயேசுவை ஏற்றுக்கொண்டபோது சொந்தபந்தம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா கண்டுகொள்ளவில்லை. கொதிக்கும் அண்டா முன்னால் நின்றபடியே ஆண்டவரிடம் ஓயாமல் பேசுவாள். சூப்பில் உப்பு கூடிப்போனதைக்கூட அவரிடம் சொல்லிவிடுவாள்.

மாமாவுக்கு நுரையீரலில் நோய் வந்தது. சபையை நடத்தும் மக்சத் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தான். "அக்கா, ஆண்டவர் எங்கிட்ட சொல்லிட்டார். மாமா பொழைச்சுக்குவார்" என்றான். அவள் நம்பினாள். முதல் பனி விழுவதற்குள் மாமா போய்விட்டார்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டார்கள். எங்கள் வழக்கப்படி மனைவி அதற்குள் சுவரைப் பார்த்து, இடுப்பில் கை ஊன்றி உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டும். துக்கத்துக்கு வருகிறவர்கள் வாசலிலிருந்தே அழுதுகொண்டு வர வேண்டும். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவள் திரும்பிக் கட்டிக்கொள்வாள். மக்சத் குறுக்கே வந்து நின்றான்.

"ஒப்பாரியெல்லாம் நம்பிக்கை இல்லாதவங்களுக்குக்கா. நமக்கு உயிர்த்தெழுதல் இருக்கு. நீங்க அழுதா ஊரே சிரிக்கும்."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். மாமியார் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

அன்றோடு அவள் ஜெபமும் வற்றிவிட்டது. ஞாயிறு தவறாமல் வந்தாள், பாடினாள், வேதம் வாசித்தாள். அண்டா முன்னால் மட்டும் ஊமை. "பேசலாம்னு வாயைத் தொறந்தா மண்ணை மென்ன மாதிரி இருக்குடி" என்றாள் என்னிடம். "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாரு."

பனி உருகி ஆடுகளை மலைக்கு ஓட்டும் காலத்தில் அவள் வீட்டில் கூட்டம் நடந்தது. மக்சத் ரொட்டியை மென்றுகொண்டே, "ஜெப வறட்சியெல்லாம் சாத்தானோட வேலைக்கா. எந்திரிச்சு ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க, சரியாப்போயிடும்" என்றான்.

அக்கா எழுந்தாள். மெத்தையை இழுத்துச் சுவரோரம் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இடுப்பில் கை ஊன்றினாள்.

"என் வாசல் தேடி வந்தவரே, பேர் சொல்லிக் கூப்ட்டவரே,
சொந்தமெல்லாம் விட்டுட்டு ஒம்ம பின்னால வந்தேனே,
என் ராசாவை மண்ணுல போட்டுட்டு எங்க போய் ஒளிஞ்சீரு?"

கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

"அக்கா, ஆண்டவரைப் பழிக்காதீங்க!" மக்சத் பதறினான்.

"ஒங்கிட்ட நான் பேசல தம்பி. டீ ஆறுது, குடி."

எனக்கு அழுகை பீறிட்டது. நான் அழுதுகொண்டே அவளிடம் போனேன். அவள் திரும்பி என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது பள்ளிச் சமையலறையில், பிள்ளைகள் வருமுன் தினமும் அந்த ஒப்பாரி தணிந்த குரலில் கேட்கிறது. ஒருநாள் கேட்டேன். "ஆண்டவர் வந்தாராக்கா?"

"வரல." உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "வந்தா மட்டும் ஒடனே திரும்பிடுவேனா? எழவு வீட்டுக்கு வர்றவரு, வாசல்லேருந்தே அழுதுட்டு வரட்டும்."