பால் கிண்ணத்திலிருந்து எடுத்த பல்

போன வருடம் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். தம்போயில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் இது நடந்தது.

அன்று எனக்கு விடுப்பில்லாத பதினோராவது நாள். நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பராக இருக்கிறேன். பிடுங்கிய பல்லின் வேரில் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். பல்லைத் தாடை எலும்போடு பிடித்து வைத்திருப்பது அதுதான். அதைச் சுரண்டி எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களை வளர்ப்பது என் வேலை. நோயால் கரைந்துபோன ஈறையும் எலும்பையும் அவற்றைக் கொண்டு மறுபடி வளர வைக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். செல்களுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் கிடையாது. ஊட்டநீரை நேரத்துக்கு மாற்றாவிட்டால் செத்துவிடும். கூட வேலை செய்பவர் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் அவர் செல் வளர்க்கும் தட்டுகளும் என் தலையில்தான். அன்று காலையும் போய் எல்லாவற்றுக்கும் ஊட்டநீர் மாற்றிவிட்டு, தூங்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு காரை நிறுத்தினேன்.

என் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர். பின்னால் அவருடைய பன்னிரண்டு வயது மகள், வாயில் துண்டை அழுத்திக்கொண்டு நின்றாள். சைக்கிளிலிருந்து விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. அக்காவின் கையில் ஒரு கிண்ணம். அதில் பால், பாலுக்குள் பல்.

"டிக்டோக்ல பால்ல போடச் சொன்னாங்க மா. சரியா?"

"ரொம்ப சரி கா" என்றேன். உண்மையிலேயே அதைவிடச் சரியாக யாரும் செய்திருக்க முடியாது.

"பயப்படாத லா. இந்த அக்கா பல்லு லேப்ல இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா?" என்று மகளிடம் சொல்லிவிட்டு, கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

வேரில் மணல் ஒட்டியிருந்தது. பல்லை எடுத்தேன். வேரைத் தொடாமல் மேல்பகுதியைத்தான் பிடித்தேன். அதுவரை சரி. ஆய்வுக்கூடத்தில் செல்கள் இருக்கும் கண்ணாடி அறைக்குள் எது போனாலும் முதலில் ஆல்கஹால் அடிக்க வேண்டும். போத்தல், பெட்டி, கையுறை, எல்லாவற்றுக்கும். பல்லுக்கு மட்டும் அடிக்கவே கூடாது. ஒரு நாளைக்கு நூறு முறையாவது அந்த ஸ்பிரேயை அழுத்தும் கை என் கை. பையில் எப்போதும் ஒரு சின்ன போத்தல் இருக்கும். அது எப்போது வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. இரண்டு, மூன்று தடவை அழுத்திவிட்டேன். வாசம் மூக்கில் ஏறிய பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது.

பல்லைப் பாலில் அலசி மறுபடி கிண்ணத்தில் போட்டேன். அக்கா என்னை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

என் காரிலேயே கிளினிக்குக்குப் போனோம். சீனப் பெண் டாக்டர். பல் எதில் இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பால் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, ஆல்கஹால் அடித்ததையும் சொன்னேன், ஆங்கிலத்திலேயே. அவர் பல்லைத் தூக்கி வேரைப் பார்த்தார். வேரில் இருந்த செல்கள் பெரும்பாலும் செத்திருக்கும் என்றார். பல்லைத் திரும்பப் பொருத்தலாம், ஆனால் பிடித்துக்கொள்ளச் சவ்வு இல்லாமல் எலும்போடு ஒட்டிப்போகும், எலும்பு வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், வளரும் பெண் என்பதால் அந்தப் பல் மட்டும் குட்டையாக நின்றுவிடலாம், சில வருடங்களாவது தவறாமல் வந்து காட்ட வேண்டும். தாயாருக்கு நீங்களே விளக்கிவிடுங்கள் என்று என்னிடமே விட்டுவிட்டார்.

"என்ன மா சொல்றாங்க?"

"திருப்பி வச்சிடலாமாம் கா. அடிக்கடி வந்து காட்டணுமாம்."

இரண்டும் பொய் இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. மாடியில் பார்ப்பவர்களிடமெல்லாம் அக்கா என்னைப் பற்றிச் சொன்னார். வீட்டில் நாசி லெமாக் செய்தால் எனக்கும் ஒரு பொட்டலம் வரும். அதை வாங்கிக்கொள்வேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

மூன்று மாதம் போனது. டாக்டரிடம் காட்ட வேண்டிய நாளை நான் ஞாபகப்படுத்தியபோது அக்கா சிரித்தார்.

"அலமாக், இன்னுமா? அந்தப் பல்லு கல்லு மாதிரி நிக்குது மா. பக்கத்துப் பல்லுகூட அவ்வளவு ஸ்ட்ராங் இல்ல. அதுக்கு எதுக்கு ஒரு நாள் லீவு?"

கல் மாதிரி. நல்ல பல் துளியாவது அசைந்து கொடுக்கும், சவ்வு இருப்பதால். கல்லாக நிற்பதுதான் டாக்டர் பயந்தது. இனியும் மறைத்தால் இந்தப் பிள்ளை டாக்டரிடம் போகாமலே இருந்துவிடும். கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில், மறைக்காமல்.

அக்கா சத்தம் போடவில்லை. "அப்ப பால்ல நல்லாத்தான இருந்திச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா கா."

கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு சில வாரங்கள் லிப்டில் நான் இருந்தால் அவர் ஏறமாட்டார். ஒருநாள் மாலை அவரே என் கதவைத் தட்டினார்.

"நாளைக்கு எனக்கு லீவு கிடைக்கல. நீங்க கூட்டிட்டுப் போங்க. டாக்டர் சொல்றத ஒண்ணு விடாம வந்து சொல்லணும்."

அது மன்னிப்பா, தண்டனையா என்று நான் கேட்கவில்லை. இதுவரை நான்கு முறை கூட்டிக்கொண்டு போய்விட்டேன். போன முறை, பக்கத்துப் பல்லைவிட அது கொஞ்சம் மேலே நின்றுவிட்டது கண்ணுக்கே தெரிந்தது. வரும் வழியில் அந்தப் பெண் கார்க் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, உங்க லேப்ல வளருதே, அது எனக்கு எப்ப கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியல மா. சீக்கிரம் கிடைக்காது."

"பரவால்ல லா. போட்டோல வாயத் தொறக்கமாட்டேன், அவ்வளவுதான்."

அதையும் வீட்டு வாசலில் நின்று அக்காவிடம் சொன்னேன். நான் அந்த ஸ்பிரேயை அழுத்தியது சில நொடிதான், அதை அவரிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் தேவைப்பட்டது. இன்றும் அந்த வாசலில் நிற்கும்போது என்னைக் கூனிக்குறுக வைப்பது அந்த நொடிகள் அல்ல, அந்த மூன்று மாதங்கள்.