கோலப்பொடி பூசிய இன்ஜின்

என் வீட்டுக்காரரைத் திருடன் என்று சொன்ன மனிதர் அதைச் சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். கோபத்தில் வாய் தவறி வந்த சொல் என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பேன். அவர் யோசித்து, நிதானமாக, வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்கு முன்னால் சொன்னார். நான் மத்தியானச் சோற்றுத் தூக்குவாளியோடு கார் ஷெட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"ஆயிலு ஒழுகுதுன்னு சொல்லுத. ஒழுகினா தரையில கறை இருக்கணும்லா? ஷெட்டுல ஒரு சொட்டு இல்ல. பெறகு எங்கன போவுது? நீ குடிக்கியாலே, களவாணிப் பயலே?"

முதலாளிக்குத் தூத்துக்குடியில் உப்பளங்கள் இருந்தன. என் வீட்டுக்காரர் அவருடைய கார் டிரைவர். உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன், இன்ஜின் ஆயில் கிடைப்பதற்கோ ஆள் பிடிக்க வேண்டும். ஆயிலைக் களவாக விற்கிற டிரைவர்கள் ஊரில் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இவர் ஒரு தீப்பெட்டியைக்கூட அடுத்தவரிடம் வாங்கினால் திருப்பிக் கொடுக்காமல் தூங்கமாட்டார். ஆயுத பூஜை முடிந்த மறுவாரத்திலிருந்து வண்டியில் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. நாசரேத்துக்குப் போய்த் திரும்பினால் பாதி காலி. ஆனால் வண்டி நின்றுவிட்டால் ஒழுக்கும் நின்றுவிடும். இதை இவர் எத்தனை முறை சொல்லியும் அந்த மனிதர் காதில் ஏறவில்லை.

"ரெண்டு நாள் டயம் கொடுங்க மொதலாளி. எங்கன ஒழுகுதுன்னு கண்ணால காட்டுதேன்."

"காட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரேன். காட்டலைன்னா சாவிய வச்சிட்டுப் போயிரு."

சாவி போனால் வேலை மட்டும் போகாது. ஆயில் திருடி வெளியேற்றப்பட்டவன் என்று பெயர் விழுந்தால் ஹார்பர் பக்கம் ஒருவரும் வண்டியைத் தொடவிட மாட்டார்கள். இவருக்கோ வேறு தொழில் தெரியாது. அந்தப் படபடப்பில்தான் மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்ப அதன் மூக்கில் இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றியிருக்கிறார். கவனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. கைப்பிடி திருப்பி உதைத்து மணிக்கட்டு பிசகிவிட்டது. எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்ஜினத் தொடச்சாத்தான ஒழுக்கு தெரியும், இனி எப்படித் தொடைக்க? சாவிய கொடுத்திருதேன்ளா."

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. முதலாளி மேல் பாதி, இவர் மேல் பாதி. திருடாத ஆள் எதற்குச் சாவியைக் கொடுக்க வேண்டும்?

"வாயாலே சொல்லுங்க, நான் தொடைக்கேன்" என்றேன்.

"பொம்பள இன்ஜின்ல கை வச்சா ஊரு சிரிக்கும்."

"திருடன் பொண்டாட்டின்னா மட்டும் ஊரு கும்பிடுமோ?"

வெள்ளிக்கிழமை காலை முதலாளி உப்பளத்துக்கு மாட்டுவண்டியில் போன பிறகு, பின்வாசல் வழியாக ஷெட்டுக்குள் போனோம். வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த சீமெண்ணெய் முழுவதையும் ஒரு போத்தலில் எடுத்துப் போயிருந்தேன். அடுத்த ரேஷன் பங்கு வரும்வரை வீட்டில் இருட்டுதான். முதலாளி வீட்டு இன்ஜினைக் கழுவ எங்கள் வீட்டுச் சீமெண்ணெய்! அதை நினைக்க நினைக்கக் கை வேகமாக ஓடியது.

இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். எண்ணெயும் உப்பளத்துப் புழுதியும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. எது எந்தச் சாமான் என்றே தெரியவில்லை. இவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நல்ல கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். முதலில் தென்னங்குச்சியால் சுரண்டினேன். பிறகு தேங்காய் நாரைச் சீமெண்ணெயில் நனைத்துத் தேய்த்தேன். பிறகு பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். அவருடைய பெரிய கை நுழையாத இடத்திலெல்லாம் என் கை நுழைந்தது. வளையல் மாட்டிக்கொண்டு இரண்டு உடைந்தன. ஒவ்வொரு தேய்ப்புக்கும் அந்த வெற்றிலை வாயை ஒரு திட்டு திட்டினேன்.

"மெல்லளா, வயரைப் பிச்சிராத" என்றார்.

"உங்க மொதலாளி நாக்கப் பிச்சா தேவலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

உச்சி வெயிலுக்குள் இரும்பு இரும்பாகத் தெரிந்தது. இனி அதன் மேல் வெள்ளையாக எதையாவது தூவி, இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் வெள்ளை நனைந்து கறுக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு. அவர் சாக்குக்கட்டியைப் பொடித்து வைக்கச் சொல்லியிருந்தார். சாக்குக்கட்டிக்கு நான் எங்கே போக? வீட்டுக் கோலப்பொடியை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மெல்லிய துணியில் முடிந்து, தட்டித் தட்டித் தூவினேன். வாசலில் கோலம் போடுகிற பொடியை ஒரு காரின் வயிற்றில் போடுவேன் என்று யார் நினைத்தது?

கைப்பிடியைச் சுற்றியதும் நான்தான். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கச் சொன்னார். இல்லையென்றால் அது உதைக்கும்போது எலும்பு போய்விடுமாம். நான்கு முறை சுற்றினேன், வண்டி அசையவில்லை. ஐந்தாவது முறை அந்த வெற்றிலையை நினைத்துக்கொண்டு சுற்றினேன். கிளம்பிவிட்டது.

கொஞ்ச நேரம் ஓடியதும் வெள்ளையில் கறுப்பு வரத் தொடங்கியது. ஒரு இடத்தில் அல்ல. முன்னால், பின்னால், பக்கத்தில் என்று மூட்டு மூட்டாகக் கசிந்தது. நிறுத்தியதும் கசிவும் நின்றது. இவர் வாளியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது ஒழுக்கு இல்லளா. உள்ளேருந்து ஏதோ நெருக்குது. இன்ஜினுக்கும் மூச்சு விட வழி வேணும், அடைச்சா ஆயில மூட்டு வழியாத் தள்ளிரும். பக்கத்துல சின்னதா ஒரு மூடி இருக்கும் பாரு, சுத்தி ஓட்டை ஓட்டையா. அந்த ஓட்டையெல்லாம் தொறந்து இருக்கா?"

குனிந்து பார்த்தேன். மூடி இருந்தது, ஓட்டைகள் இல்லை. கழுவும்போது மஞ்சளாகத் தெரிந்ததைப் பித்தளை என்று நினைத்துத் தேய்க்காமல் விட்டிருந்தேன். கொண்டை ஊசியை எடுத்துக் கீறினேன். கெட்டியாகக் காய்ந்த பொருக்கு உதிர்ந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

அரைத்தவளுக்குத் தெரியாதா அதன் வாசம்? ஆயுத பூஜை அன்று முதலாளி வீட்டு அம்மா கேட்டாள் என்று ஒரு கிண்ணம் நிறைய நான்தான் அரைத்துக் கொடுத்தேன். எல்லோரும் பொரி வாங்க உள்ளே போன பிறகு, இவர் என்னை வண்டியருகே கூப்பிட்டார். "நமக்குச் சோறு போடுதுல்லா, நீயும் ஒரு பொட்டு வையி" என்றார். எங்கே வைக்கலாம் என்று தேடியபோது இந்த மூடிதான் சின்னக் கலசம் போல அழகாகத் தெரிந்தது. பொட்டோடு நிறுத்தினேனா? கட்டைவிரலால் சுற்றிலும் வழித்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, தள்ளி நின்று பார்த்து ரசித்தேன். இவர் அதற்குள் சூடம் கொளுத்தப் போய்விட்டார்.

ஊசியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூன்று நாளாக ஊரையே திட்டிய நான் அந்த விரலை இவர் முன்னால் நீட்டினேன். இவர் என் விரலைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"ஓட்டைய சுத்தம் பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி துடைத்து, மறுபடி பொடி தூவி, மறுபடி ஓட்டினோம். கோலப்பொடி வெள்ளையாகவே இருந்தது. அதற்குள் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. இவர் என்னை ஷெட்டுக்குப் பின்னால் போகச் சொன்னார். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றேன்.

இவர் எல்லாவற்றையும் விளக்கினார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைக் காட்டி, நிறுத்தி, சாவியை முதலாளி கையில் கொடுத்தார்.

"ஒத்தக் கையாலயாலே இவ்வளவும் தொடச்ச?"

"மெல்ல மெல்லத் தொடச்சேன் மொதலாளி."

"சரி, அந்த ஓட்டையில சந்தனத்த அப்புனது எவன்?"

நான் சுவரைத் தாண்டி ஓரடி வைத்துவிட்டேன். இவர் மட்டும் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார்.

"நான்தான் மொதலாளி. பூசையன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா வச்சிட்டேன்."

முதலாளி சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "களவாணின்னு நெனச்சேன், கோட்டிக்காரப் பயலால்லா இருக்க!" என்று சாவியை இவரிடமே தூக்கிப் போட்டார். திருடன் பட்டம் போய்ப் பைத்தியக்காரப் பட்டம். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை? கிடையாது. அடுத்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் விளக்கில்லாத இருட்டில் நான் கத்தினேன். என் உழைப்பையும் எடுத்துக்கொண்டீர்கள், என் தப்பையும் எடுத்துக்கொண்டீர்கள், எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டேன்.

"பொண்டாட்டிய இன்ஜின்ல கைவைக்க விட்டவன்னா அவரு வேலைக்கு வைக்க மாட்டாருளா. கோட்டின்னா வைப்பாரு" என்றார். அவர் சொன்னது சரி. சரி என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அன்றிலிருந்து ஹார்பரிலும் உப்பளத்திலும் அவருக்குச் 'சந்தனம்' என்று பெயர். "ஏலே சந்தனம், வண்டிக்குப் பொட்டு வச்சியா?" என்று கேட்காத டிரைவர் இல்லை. ஊரிலேயே இன்ஜினை நன்றாக அறிந்த மனிதர் அந்தப் பெயரோடு காலம் முழுக்க வண்டி ஓட்டினார். நான் உண்மையைச் சொல்லப் போகும்போதெல்லாம் கண்ணைக் காட்டி அடக்கிவிடுவார்.

அவர் இறந்த அன்று, தூக்குவதற்கு முன்னால் பழைய டிரைவர் ஒருவர் மாலையோடு வந்தார். "நம்ம சந்தனம் போயிட்டானே" என்று அழுதார். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "அது அவரு வச்சது இல்ல, நான் வச்சது" என்று கத்தினேன். பாவம், புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு பெண்கள் என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பேசினால் கேட்க ஆளில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். அந்தச் சந்தனம் நான் அப்பியது. அந்த இன்ஜினைத் துடைத்ததும் நான்தான்.