இருபத்து நான்கு விதமாகப் படுத்தோம்

நனைந்த சாக்கின் வாடை எங்கள் "காம்பரா"வை விட்டு ஒருநாளும் போனதில்லை. கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்கான "படங்கு" மாலையானால் மூலையில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த ஈரமும் அடுப்புப் புகையும் நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கலந்து நிற்கும். அம்மாவும் அப்பாவும் அடுப்படியில் படுக்க, அண்ணன், அக்கா ஸ்டெல்லா, நான், தம்பி நால்வரும் அறையில் வரிசையாகப் பாய் விரிப்போம். சுவரோரம் கூரைத் தகரம் ஒழுகும், கதவோரம் குளிர் அறுக்கும். நடுவிலிருந்த இரண்டு இடங்களுக்காகத் தினமும் சண்டை.

"நாளுக்கு ஒரு மாதிரியா மாத்திப் படுத்தா என்ன?" என்று அம்மா ஒருநாள் சலித்துக்கொண்டாள்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். உயர்தர வகுப்புக்குப் போகுமுன் எழுதும் சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. பசறைக் கடைக்காரர் மகளும் பள்ளியில் அவளோடு படித்தவளுமான பாத்திமா, தன் அண்ணன் படித்து முடித்த உயர்தரக் கணிதப் புத்தகத்தைக் கொடுத்திருந்தாள். அதில் எண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்ததை அக்கா காட்டினாள். அதற்குப் பெயர் காரணியப் பெருக்கம் என்றாள்.

"நாம நாலு பேரும் எத்தன விதமா படுக்கலாம், சொல்லு."

நான் நாலு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எங்களைப் பாயில் உருட்டி உருட்டிப் படுக்கவைத்தாள். "செவுத்தோரம் நாலு பேருல யாரு வேணும்னாலும் படுக்கலாம். அண்ணன் படுத்தா, அடுத்த எடத்துக்கு மிச்சம் மூணு பேரு. நீ படுத்தாலும் மூணு பேருதான். ஒவ்வொருத்தருக்கும் மூணு மூணா வருது இல்லையா, அதனாலதான் கூட்டாம பெருக்குறோம். அதுக்கடுத்த எடத்துக்கு ரெண்டு பேரு, கடைசிக்கு ஒருத்தர். நாலு, மூணு, ரெண்டு, ஒன்னு, எல்லாத்தையும் பெருக்கு."

இருபத்து நான்கு. சும்மா சொன்னால் நம்பமாட்டோம் என்று ஒவ்வோர் இரவும் ஒரு புது வரிசையில் படுத்தோம். ஒழுகும் இடம் வாய்த்த அன்றுகூட யாரும் முணுமுணுக்கவில்லை. அடுத்து என்ன வரிசை என்று தம்பி காலையிலேயே கேட்க ஆரம்பித்தான்.

பரீட்சை முடிவில் அக்காவுக்குக் கணிதத்தில் மிக உயர்ந்த தரம். அம்மா முதுகில் கூடையோடேயே அவளைக் கட்டிக்கொண்டாள். உயர்தரத்தில் கணிதம் படிக்கவேண்டும் என்று அக்கா அப்பாவைக் கூட்டிக்கொண்டு பதுளைப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தமிழில் அந்தப் பாடம் எடுத்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டதால் வகுப்பு நடக்காது, கலைப்பிரிவில் சேரலாம் என்றார்கள். "புது சேர் எப்ப வருவாரு?" என்று அக்கா கேட்டாள். கலைப்பிரிவுக்கான விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார்கள்.

அவள் கலைப்பிரிவில் சேரவில்லை. வருவார் வருவார் என்று காத்திருந்தாள், யாரும் வரவில்லை. "வாத்தியாரே இல்லாத படிப்ப வச்சிக்கிட்டு என்னம்மா செய்யிறது?" என்று அப்பா கேட்டது கோபத்தில் அல்ல. அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனான். அன்று பாய் விரித்தபோது அக்கா, "இனிமே ஆறு விதந்தான்" என்றாள். ஒரே ஓர் ஆள் போனதற்கு இருபத்து நான்கு எப்படி ஆறாகிவிடும் என்று எனக்கு அழுகை வந்தது. பெருக்கலில் ஓர் எண்ணை எடுத்தால் அப்படித்தான் சரியும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் அக்கா வீட்டு வேலைக்காக வெளிநாடு போனாள். போகுமுன் அந்தப் புத்தகத்தைப் பாத்திமாவிடம் தானே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு தம்பியும் கொழும்புக்குப் போக, அறை முழுவதும் எனக்கென்று ஆனது. எங்கே படுத்தாலும் தூக்கம் வரவில்லை.

போன வருடம் அம்மா இறந்தபோது நால்வரும் லயத்தில் கூடினோம். அக்காவுக்குத் தலை நரைத்து, கால்கள் வீங்கியிருந்தன. அடக்கம் முடிந்த மறுநாள், பதுளையில் உயர்தரம் படிக்கும் என் மகள் கணக்குப் புத்தகத்தோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான்தான் அவளிடம் பெரியம்மாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தேன். மகள் ஆச்சரியக்குறி போட்ட எண்கள் இருந்த பக்கத்தைத் திருப்பி, சொல்லித்தரச் சொன்னாள். அக்கா அந்தப் பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பெருமையாலோ வருத்தத்தாலோ அல்ல, முன்பின் தெரியாத எழுத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எனக்குக் கணக்கெல்லாம் வராதும்மா," என்றாள். "ஒங்கம்மாகிட்ட கேளு."

பிறகு எழுந்து, வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போனாள்.