மேனேஜருக்கு இரண்டாவது சாப்பாடு

எடை மேடையில் ஏற்றி நிறுத்திய நாய், நிற்கிற வேலையெல்லாம் நமக்கெதற்கு என்று அங்கேயே படுத்துக்கொண்டது. டாக்டரம்மா எடையைப் பார்த்தார், அதைக் கூட்டிவந்த லிஃப்ட்காரரைப் பார்த்தார், மறுபடியும் எடையைப் பார்த்தார்.

"போன தடவையைவிட ஒண்ணரைக் கிலோ கூட இருக்கு. நான் சொன்ன சாப்பாடுதான் போடறீங்களா?"

"சத்தியமா அதுதான் டாக்டர்."

"பிஸ்கட்?"

"கண்ணுலயே காட்டறதில்லை."

"பின்னங்கால் மூட்டு ரெண்டும் தேய ஆரம்பிச்சிருச்சு. எடை குறையலைன்னா படி ஏறாது. அப்புறம் எழுந்தே நிக்காது. பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க."

டாக்டரம்மா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாய் வளர்க்கிறவர்கள் நாய் டாக்டரிடம் சொல்கிற பொய்யை வக்கீலிடம்கூடச் சொல்வதில்லை. ஆனால் லிஃப்ட்காரர் சொன்னது மெய்.

அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். அந்தப் பக்கத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்குகிறது. அவர் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்துவைப்பார். இப்போது அந்த மூன்று மாடிதான் வினையாக வந்து நின்றது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாய் உட்கார்ந்துவிடுகிறது. அங்கிருந்து அவர் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். தினம் இரண்டு வேளை அந்தக் கனத்தைச் சுமக்க அவர் முதுகு சம்மதிக்காது. ஏற முடியாத நாயை மூன்றாம் மாடியில் வைத்துக்கொள்ளவும் முடியாது. வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் நாயை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறுவார்.

நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அவர்தான். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதற்கென்றே பிறந்தது. வீட்டில் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். வேலை முடிந்ததும் எழுந்து போய்விடும். பாராட்டு மட்டும் கிடையாது.

டாக்டரம்மா முதல் தடவை எச்சரித்தபோது அவர் நேரே போனது நாய்த்தீனி விற்கிற பெரிய கடைக்கு. எடை குறைக்கிற தீனி என்று ஒரு பை இருந்தது. பையின் மேல் ஒல்லியான நாய் ஒன்று சிரித்தது. விலையைப் பார்த்த இவருக்குச் சிரிப்பு வரவில்லை. தின்பண்டப் பக்கம் போனார். நாய்க்கென்று கேக், நாய்க்கென்று ஐஸ்க்ரீம். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பின்புறம் படித்தால் பாதி மாவும் மீதி சர்க்கரையுமாக இருந்தது. வைத்துவிட்டு டாக்டரம்மாவிடமே திரும்பிப் போய், "இதெல்லாம் இல்லாம ஒரு வழி சொல்லுங்க டாக்டர், எனக்குக் கட்டுப்படியாகாது" என்று வெட்கப்படாமல் கேட்டார்.

வழி இருந்தது. தோல் நீக்கிய கோழி, உப்பு போடாமல் வேகவைத்தது. பூசணி, கேரட், பீன்ஸ். ஒரே ஒரு கைப்பிடி சோறு. நாள் விட்டு நாள் ஒரு முட்டை. சத்துக் குறையாமலிருக்க மேலே தூவ ஒரு பொடி. வெங்காயம், திராட்சை, சாக்லெட் மூன்றும் வீட்டு வாசலோடு நிற்க வேண்டும். வெந்த எலும்பு கூடாது. தின்பண்டம் மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அளவு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் லிஃப்ட்காரர் அதில் அசைய மாட்டார். தொழில் அப்படி. சாயங்காலம் மார்க்கெட்டில் கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால் வெட்டிய பூசணித் துண்டு பாதி விலைக்குக் கிடைக்கும் என்று கண்டுபிடித்தார். கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து நெஞ்சுக்கறி வெட்டும்போது விழுகிற துணுக்குகளை வாங்கினார். வாரம் ஒரு நாள் ஈரலை வேகவைத்து, போல்ட் தலை அளவுக்கு நறுக்கி, டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். சொன்ன பேச்சைக் கேட்டால் ஒரு துண்டு. கேட்காவிட்டால் கேரட். மேனேஜர் இரண்டையும் ஒரே ஆவலோடு தின்றது. இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டும் ஒண்ணரைக் கிலோ கூடியிருக்கிறது என்றால் மனிதருக்கு எப்படி இருக்கும்?

டாக்டரம்மா மேனேஜரின் இடது காதைப் பிடித்துப் பார்த்தார். குட்டியாக இருந்தபோது எங்கேயோ மாட்டிக் கிழிந்த காது அது.

"இருங்க. இந்தக் காதை நான் போன வாரம் பார்த்தேனே. ஒரு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. பேரு பட்டுன்னாங்க. இதே பிரச்சினை, இதே சாப்பாடுதான் அவங்களுக்கும் சொன்னேன். அவங்களும் ரெண்டு மாசமா பத்தியம்தான் போடறேன்னு சத்தியம் பண்ணினாங்க."

லிஃப்ட்காரருக்குத் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று. "அது எங்க அக்கா" என்றார்.

"ஒரே வீடா?"

"ஒரே வீடுதான்."

"அப்ப யாரு சாப்பாடு போட்டாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுக்க மாட்டீங்களா?"

லிஃப்ட்காரர் நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "நாங்க பேசிக்கறதில்லை டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "நல்ல சாப்பாடுதான். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு. ரெண்டு பத்தியம் சேர்ந்தா விருந்துங்க" என்றார்.

பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. அக்காவுக்கு இவரைவிட ஆறு வயது அதிகம். புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள், ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற பிரிவில் வேலை. விடியுமுன் கிளம்பினால் சாயங்காலம் திரும்புவாள். லிஃப்ட்காரர் எட்டு மணிக்குப் போய் இருட்டிய பிறகு வருவார். அவள் தூங்கும்போது அவர் வருவார், அவர் தூங்கும்போது அவள் போவாள். பேசாமலிருப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு அமையாது.

காரணம் ஒரே ஒரு வாக்கியம். லிஃப்ட்காரர் பராமரிக்கிற கட்டடம் ஒன்றில் மருந்துக்கடை வைத்திருந்த பெண்ணோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டு, கல்யாணம் வரைக்கும் பேச்சு வந்தது. அந்தப் பெண் தன் அம்மாவோடு ஒரு மாலை வீட்டுக்கு வந்தாள். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இவனை நம்பியா? வீட்டுல இருக்கிற ஒரு நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு போடத் துப்பில்லை. பொண்டாட்டிக்கு எங்கேர்ந்து போடப் போறான்!" யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா டீயைப் பாதியில் கீழே வைத்தார். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. கொஞ்ச நாளில் மருந்துக்கடையும் கைமாறியது.

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் அக்காவோடு பேசவில்லை. அன்றிலிருந்துதான் நாய்க்கு ஒரு வேளைகூடத் தவறாமல் போடவும் ஆரம்பித்தார். அக்காவோ அதற்கு முன்பிருந்தே போட்டுவந்தவள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவாவது நிறுத்தாமல் போட்டாள். நடுவில் இருந்த ஜீவனோ யார் கதவைத் திறந்தாலும் பிறந்ததிலிருந்து பட்டினி கிடப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும். பாவம், தம்பி போடாமல் போய்விட்டான் என்று அவளும், பாவம், அக்கா போடாமல் போய்விட்டாள் என்று அவரும் மாறி மாறிப் பாவப்பட்டதில் நாய் ஸ்டூல்போல் ஆகிவிட்டது.

டாக்டரிடமிருந்து வந்த பிறகும் இவர் வாயைத் திறக்கவில்லை. ரோஷம் என்றால் சாதாரண ரோஷமா! ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில் இருந்த நேரமாகப் பார்த்து நாயைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மேனேஜர், நல்லாக் கேட்டுக்கோ. இனிமே உனக்கு யார் சாப்பாடு போட்டாலும் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாங்க. கிண்ணம் கவிழ்ந்திருந்தா நீ சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். அடுத்த வேளைக்குத்தான் நிமிரும். புரியுதா?"

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பட்டு, எனக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு சொல்லு."

அருமையான திட்டம். ஆனால் எடை குறையவில்லை. காலையில் லிஃப்ட்காரர் எழுந்து பார்த்தால் கிண்ணம் நிமிர்ந்தே இருக்கும், நாய் பக்கத்தில் பரிதாபமாக உட்கார்ந்திருக்கும். இரவு வந்தாலும் அதே காட்சி. அக்காவின் மேல் இருந்த பழைய கோபத்துக்குப் புதுக்கோபம் ஒன்றும் துணை சேர்ந்தது. எனக்குத் துப்பில்லை என்று சொன்னாளே, இப்போது யார் போடாமல் போகிறார்கள்? வீம்போடு அளந்து போட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவி 'டங்' என்று கவிழ்த்தார். இதற்கிடையில் மேனேஜர் முதல் மாடித் திருப்பத்திலேயே உட்கார ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. விடியுமுன் அக்கா எழுந்ததும், நாய்க்குப் போட்டதும், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் கட்டிலில் படுத்தபடியே காதில் விழுந்தது. பிறகு கதவு சாத்துகிற சத்தம். சரி, இன்றைக்காவது போட்டாளே என்று கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தரையில் கிண்ணம் உரசுகிற சத்தம் கேட்டது.

தலையைத் தூக்கிப் பார்த்தார். மேனேஜர் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரோடு ஒட்டவைத்தது. விளிம்புக்கு அடியில் மூக்கைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பியது. கிண்ணம் புரண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதைக் காலால் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

லிஃப்ட்காரர் எழுந்து போய்க் கிண்ணத்தைத் திரும்பக் கவிழ்த்தார். மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மறுபடி நெம்பியது.

காய்ச்சலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லலாம். சிரிப்பார்கள், ஆனால் இந்த முகத்தை அவர்களுக்குத் தெரியாது. இந்த நாய் குட்டியாக இருந்ததிலிருந்து செய்த போக்கிரித்தனம் அத்தனையும் தெரிந்து, இதைக் கேட்டால் தன்னைப்போலவே உருண்டு சிரிக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அது அவருக்குத் தாங்க முடியாத துக்கமாக இருந்தது. போனை எடுத்தார்.

அக்கா எடுத்ததும் பதறினாள். "பட்டுக்கு என்னடா ஆச்சு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலைக்கா. நம்ம ரெண்டு பேரையும்தான் அது முட்டாளாக்கியிருக்கு." நடந்ததைச் சொன்னார்.

பின்னால் ஓடுகிற ரொட்டி மிஷினின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "நேத்து ராத்திரி நீ போட்டியா?" என்றாள்.

"போட்டேனே."

"நான் சாயங்காலமே போட்டுட்டேன்டா!"

அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்பது போனிலேயே கேட்டது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது இருவருக்கும் உறைத்தது. "மிஷின் நிக்கப்போகுது, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மேனேஜரின் எடை மெதுவாக இறங்கியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாய்ப்பிரியர்கள் மீதியைக் காது கொடுத்துக் கேட்க மாட்டீர்கள். மூன்று மாடியையும் இப்போது அதுவே ஏறுகிறது. நடுவில் ஒரு இடத்தில் நிற்கும். அது களைப்பில்லை, ஈரல் துண்டுக்கான கோரிக்கை.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். நேரே தம்பியின் அறைக்கு வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். வேலைக்குப் போட்டுக்கொள்கிற தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுடா" என்றாள்.

லிஃப்ட்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"நல்ல பொண்ணுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதான் பயந்துட்டேன். அவ வந்துட்டா இந்த வீட்டுல நான் யாரு? எங்க போவேன்? வாயில என்ன வருதுன்னு தெரியாமச் சொல்லிட்டேன்."

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா எனக்காக நீ கல்யாணமே வேணாம்னுருப்பே. அதை உங்கிட்டக் கேட்டு வாங்க எனக்கு மனசு வரலை." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியில கேக்காமலே வாங்கிட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷமாக வைத்திருந்த கோபம் அல்ல. அதைவிடப் பெரியது, இப்போதுதான் பிறந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் காய்ச்சலில் குரல் எழும்பவில்லை. கீழே உட்கார்ந்திருந்தவளின் தலைமுடி இந்த மூன்று வருஷத்தில் எவ்வளவு நரைத்துவிட்டது என்பதையும் அப்போதுதான் பார்த்தார். பக்கத்தில் இருந்துகொண்டே பார்க்காமல் விட்டிருக்கிறார். மேனேஜர் உள்ளே வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

அதன் தலையைத் தடவிக்கொண்டே அக்காதான் கேட்டாள். "நாளைக்குக் காலைல இதுக்கு யாரு போடறது?"

"நான் போடறேன்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "கிளம்பும்போது என்னை எழுப்பிச் சொல்லிட்டுப் போ."