வெளியே தாழ், உள்ளே வைஃபை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு என்று எதிலும் நம்பிக்கை கிடையாது. எங்கள் சபையில் பிசாசு துரத்துகிற ஜெபம் நடக்கும்போதுகூட நான் ஒரு கண்ணைத் திறந்து மணி பார்க்கிற ஆள். தாராவியில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பேய் பயம் எங்கிருந்து வரும், இங்கே ஆள் நிற்கவே இடமில்லை, பேய் வந்தால் அது எங்கே போய் நிற்கும். இப்படித்தான் எல்லோரிடமும் கேலி பேசிக்கொண்டிருந்தேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் தமிழ்நாட்டில் நாசரேத் பக்கம் என்று சொல்லிக்கொள்வதோடு சரி, எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தச் சந்துதான். எங்கள் ரூம் மாடியில், இரும்பு ஏணி ஏறி வர வேண்டும். ஒரே கதவு. ஒரு ஜன்னல் உண்டு, அதைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் அடுத்த கட்டிடத்தின் சுவர். காற்று வராது, வெளிச்சம் வராது, செல்போன் சிக்னலும் வராது. போன் பேச வேண்டுமென்றால் ஏணி இறங்கிச் சந்து முனைக்குப் போக வேண்டும். ரூமுக்குள் இருக்கிற வரைக்கும் வெளி உலகத்துக்கும் எங்களுக்கும் ஒரே தொடர்பு வைஃபைதான்.

அந்த வைஃபையை நம்பித்தான் என் வேலையும். மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களுக்கு வீட்டிலிருந்தே லேப்டாப் மூலம் பேசி, என்ன பேப்பர் கொடுக்க வேண்டும், எப்போது பணம் வரும் என்று தமிழில் சொல்ல வேண்டும். எனக்குத் தமிழ் வாசிக்கத்தான் தடுமாறும், பேச்சில் யாரும் என்னை மிஞ்ச முடியாது. என் வீட்டுக்காரர் ராஜன், கோபர்கைரனே பக்கம் பார்த்துவந்த வேலை போய், கிடைத்த இடத்தில் டெலிவரிக்கு ஓடிக்கொண்டிருந்தார். ரூம் வாடகை, மகள் ஸ்கூல் எல்லாம் என் தலையில். ஆனால் என் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை, சோதனைக் காலம்தான், அதிலும் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்து போகிறது என்று கெட்ட பெயர் வேறு. எங்கள் டீம் லீடர் வித்யா மேடம் மாட்டுங்காக்காரர், தன்மையான மனுஷிதான், ஆனால் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

"எஸ்தர், உங்க பேச்சுல ஒரு குறையும் இல்லை. ஆனா இன்னொரு தடவை நடுவுல கட் ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மேல கேக்கறா."

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு பாபி, அதாவது அண்ணி, லைனில் ஒரு கோளாறும் இல்லை என்றார். இந்தச் சந்தில் ரூமுக்கு ஒரு வைஃபை டப்பா, எல்லாம் ஒரே சேனலில் பேசுகின்றன, அதுதான் தொல்லை என்றார். எங்கள் சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபம் பண்ணும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது அல்லவா, அப்படி. 1, 6, 11 இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், நடுவில் உள்ளவை இரண்டு பக்கமும் உரசும் என்று சொல்லி, என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். புது டப்பாக்களில் வேறு அலைவரிசையும் உண்டாம், என் பழைய லேப்டாப் அதை எடுக்காது.

அந்த ஆப்பைத் திறந்தால் சுற்றி இருக்கிற வைஃபை எல்லாம் சின்னச் சின்ன மலையாகத் தெரியும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர். கீழே ஜீன்ஸ் தைக்கிற பட்டறைக்காரர் "பாஸ்வேர்டு கேட்காதே" என்று இந்தியில் வைத்திருந்தார். எதிர் ரூம் பாக்கியம் அக்கா வீட்டில் அவர் மகனுடைய கிரிக்கெட் டீம் பெயர். இது எனக்கு நல்ல பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒரு மலைக்கு மட்டும் பெயர் இல்லை. பெயரை மறைத்து வைக்கலாம், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அது ஆறாவது சேனலில் என்னோடு இருந்தது. நான் பதினொன்றுக்கு மாறினேன், கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, பிறகு பார்த்தால் அதுவும் பதினொன்றில். ஒன்றுக்கு மாறினேன், அன்று சாயங்காலமே அங்கே வந்து நின்றது. கேபிள்காரரிடம் சொன்னதற்கு, அது தானாகச் சேனல் மாற்றிக்கொள்கிற டப்பாவாக இருக்கும் என்றார். இருக்கலாம். ஆனால் தானாக மாறுகிறது என்றால் கூட்டம் இல்லாத இடத்துக்குத்தானே போக வேண்டும், இது நான் இருக்கிற இடத்துக்கல்லவா வருகிறது.

இன்னொன்று. டப்பா எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் அந்த ஆப் காட்டும். எண் முப்பது என்றால் கைக்கு எட்டும் தூரம், எண்பது என்றால் எங்கோ தூரத்தில். போனைப் பிடித்துக்கொண்டு ரூமைச் சுற்றி வந்தேன். அடுப்பு மேடையில் முப்பது. கதவோரம் முப்பது. ஏணி இறங்கிச் சந்துக்குள் போனேன், மற்ற மலைகள் எல்லாம் ஏறி இறங்கின, அது மட்டும் முப்பதிலேயே இருந்தது. ஆப்தான் பழுது என்று முடிவு கட்டி மேலே வந்துவிட்டேன். வேறு எப்படி யோசிப்பேன், சொல்லுங்கள்.

இப்போது கதவு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். சாத்தியிருந்தால் உள்ளே சண்டை, அல்லது யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம், உடனே நாலு பேர் வந்து தட்டுவார்கள். நான் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது, தண்ணி வந்துடுச்சு, மீன் வந்துடுச்சு என்று யாராவது தட்டிக்கொண்டே இருந்தால் வேலை என்ன ஆவது. அதனால் பாக்கியம் அக்காவும் நானும் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். வாடிக்கையாளர்களிடம் பேசுகிற என் கால் நேரம் தொடங்கும்போது அவர் வெளியே தாழ் போட்டு ஒரு பூட்டையும் சும்மா தொங்கவிடுவார். பார்க்கிறவர்கள் ஆள் இல்லை என்று போய்விடுவார்கள். முடிந்ததும் நான் போனில் மெசேஜ் போட்டால் வந்து திறப்பார். அந்த மெசேஜும் வைஃபையில்தான் போக வேண்டும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அன்று மதியம் வித்யா மேடம் நான் பேசுகிற கால்களைக் கூடவே லைனில் இருந்து கேட்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அதை வைத்துத்தான் வேலை நிலைக்குமா போகுமா என்று முடிவு. மகள் ஸ்கூலில், ராஜன் டெலிவரியில்.

"ஏட்டி எஸ்தரு, தாழ் போட்டாச்சு. முடிஞ்சதும் சொல்லு, வந்து திறக்கேன்," என்றார் பாக்கியம் அக்கா. அவர் தன் ரூம் வாசலில் உட்கார்ந்து தோல் பைக்கு ஜிப் வைக்கிறவர், எங்கேயும் போக மாட்டார் என்ற தைரியம் எனக்கு.

முதல் கால் எடுத்து "வணக்கம் சார்" என்று சொன்னேன், அவ்வளவுதான், லைன் செத்துவிட்டது. டப்பாவில் பச்சை விளக்கு எரிகிறது, ஒன்றும் போகவும் இல்லை வரவும் இல்லை. ஆப்பைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், மலைகள் எதுவுமே இல்லை. பட்டறைக்காரர் இல்லை, கிரிக்கெட் டீம் இல்லை, சந்து முழுவதும் காலி. அந்தப் பெயரில்லாத ஒன்று மட்டும் ஒன்றாவது சேனலில் தொடங்கிப் பதினொன்று வரை ஒரே மேடாக நின்றது. கரண்ட் போயிருந்தால் எல்லோர் டப்பாவும் அணைந்துபோகும், நியாயம்தான். ஆனால் என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சத்தம் இல்லை என்பதைக் கவனித்தேன். கீழே தையல் மெஷின் சத்தம் இல்லை. யார் வீட்டு டிவியும் இல்லை. பிறந்ததிலிருந்து நான் அந்தச் சந்தை அப்படிக் கேட்டதே இல்லை. "அக்கா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன், பிறகு குத்தினேன், பிறகு இரண்டு கையாலும் அடித்தேன், தாழ் குலுங்குகிற சத்தம் எனக்கே காதடைத்தது. எங்கள் சந்தில் ஒரு டம்ளர் விழுந்தாலே என்ன என்று கேட்க ஆள் வரும். கதவை உடைக்கிற மாதிரி அடிக்கிறேன், ஒரு காலடிகூட வரவில்லை. ஜன்னலைத் திறந்து கத்தினேன், குரல் எதிர்ச் சுவரில் பட்டு என் முகத்துக்கே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போச்சு என்று அழுதேனா, இனி யாருமே வந்து திறக்க மாட்டார்கள் என்று அழுதேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் என்றும் தெரியாது. லேப்டாப்பிலும் போனிலும் மணி நின்ற இடத்திலேயே நின்றது, அதை நான் அப்போது நம்பவில்லை, இப்போதும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் கதவோரம் உட்கார்ந்து, வேறு வழி தெரியாமல் டப்பாவின் செட்டிங்கைத் திறந்தேன். சேனல் வரிசையில் கடைசியாகப் பதின்மூன்று என்று ஒன்று உண்டு, சில பழைய போன்களுக்கு அது தெரியவே தெரியாது, அதனால் யாரும் வைப்பதில்லை. அதைப் போட்டுவிட்டு, ஏசப்பா, என்னை வெளியே விடும் என்று வாய்விட்டுச் சொன்னேன். மணி பார்க்காமல் நான் பண்ணிய ஜெபம் அது ஒன்றுதான்.

டப்பா அணைந்து எரிந்தது. தையல் மெஷின் சத்தம் திடீரென்று மேலே ஏறி வந்தது. ஆப்பில் எல்லோர் பெயரும் வந்தன, அது மட்டும் இல்லை. லேப்டாப்பில் மணியைப் பார்த்தால், நான் பேச வேண்டிய நேரம் முடிந்திருந்தது. அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், உடனே தாழ் திறக்கிற சத்தம்.

"எங்கக்கா போனீங்க? எவ்வளவு நேரம் கதவைத் தட்டுறேன்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எங்கட்டி போனேன்? இங்கனதான் இருக்கேன். சாயா கொண்டுட்டு ரெண்டு தரம் வந்தேன், நீ உள்ள சார் சார்னு பேசிட்டே இருந்த, சரி தொந்தரவு பண்ண வேண்டாம்னு திரும்பிட்டேன். கண்ணு ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

நான் ஏணி இறங்கிச் சந்து முனைக்குப் போய் நின்றேன். என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வித்யா மேடம் போன் வந்தது.

"எஸ்தர், கன்கிராட்ஸ். மேலயும் ஓகே சொல்லிட்டா. மத்தியானம் பூரா ஒரு கட் இல்லை. ரொம்ப நிதானமா, அழகா பேசினேள். இத்தனை நாள் இந்த மாதிரி ஏன் பேசலை?"

தேங்க்யூ மேடம் என்றேன். கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆளிடம் மெதுவாக விசாரித்தேன், அன்றைக்கு வேறு யாரும் உங்கள் பெயரில் லாகின் செய்யவில்லை, எல்லாக் காலும் உங்கள் வீட்டு லைனிலிருந்துதான் என்றார். ராஜனிடம் சொன்னதற்கு, டென்ஷனில் தூங்கிப் போயிருப்பாய் என்றார். தூக்கத்தில் ஒருத்தி காப்பீட்டு விதி எல்லாம் பிசகாமல் பேசுவாளா என்று திருப்பிக் கேட்டேன். இப்போது நாங்கள் கதவுக்கு உள்பக்கம் மட்டும்தான் தாழ் போடுகிறோம். டப்பா இன்னும் பதின்மூன்றில்தான் இருக்கிறது, லைன் அறுவதே இல்லை.

அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். பதவி உயர்வும் வந்தது, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பேசச் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு உதாரணமாக வித்யா மேடம் எடுத்து வைத்திருப்பது அன்றைய ரெக்கார்டிங்தான். ஒவ்வொரு முறையும் நானே அதைப் போட்டுக் காட்டி, கூட உட்கார்ந்து கேட்க வேண்டும்.

என் குரல்தான், சந்தேகமே இல்லை. நிதானமாகப் பேசுகிறது. நடுவில் தூரத்தில் யாரோ கதவை அடிக்கிற சத்தம் கேட்கும், ஒரு பெண் அழுது கூப்பிடுகிற சத்தமும், மற்றவர்களுக்கு என்னவென்று புரியாது, எனக்குப் புரியும். எதிர்முனையில் இருக்கிற பெரியவர், "என்னம்மா, அங்க ஏதும் பிரச்சினையா?" என்று கேட்பார். என் குரல் கொஞ்சமும் அவசரப்படாமல், "ஒண்ணுமில்ல சார், பக்கத்து ரூம்ல சத்தம். நீங்க சொல்லுங்க," என்று சொல்லும்.

போன வாரம் ஒரு புதுப் பெண் கேட்டாள், "மேடம், பின்னாடி யாரோ அழுறாங்களே, அவங்களுக்குக் கதவைத் திறந்து விட்டாங்களா?" எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"பக்கத்து ரூம் அது," என்று சொல்லிவிட்டு அடுத்த ரெக்கார்டிங்கைப் போட்டேன்.