அக்காவின் குரல் இருந்த மூன்று சேர்வர்கள்

அக்கா புசல்லாவைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். ஃபோனில் எழுத்துக்கூட்டி டைப் பண்ணும் பொறுமை அவளுக்குக் கிடையாது. மகளுக்கு எல்லாவற்றையும் குரல் பதிவாகவே அனுப்புவாள். முக்கால்வாசி திட்டுதான். "இந்த பஸ்காரன் நிப்பாட்டாமலே போறான், நாசமாப் போறவன். நீ சாப்பிட்டுட்டுப் படு, நான் வர நேரமாகும்." அவள் செத்தபோது ஆஸ்பத்திரிக்குப் போன வழியில் அவளுடைய ஃபோனும் தொலைந்துபோனது. அந்தத் திட்டுகள் மகளின் ஃபோனில் மட்டும் மிஞ்சின.

நான் கண்டியில் ஒரு கம்பனியில் லினக்ஸ் சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஃபோனை நம்பக் கூடாது என்று, மகளின் ஃபோனிலிருந்து பதிவுகளை நகலெடுத்து ஆபீஸ் சேர்வரின் பொது டிஸ்க்கில் ஒரு மூலையில் போட்டேன். திருட்டுத்தனம்தான். ஆனால் அங்கே மூன்று சேர்வர்களிலும் பிரதி இருக்கும். முதலாவதில் இருப்பது மற்ற இரண்டிலும் அப்படியே இருக்க வேண்டும். அதில் இல்லாதது அவற்றிலும் இருக்கக் கூடாது. இதை ஆள் இல்லாமலே தானாகச் செய்யும் கட்டளையை எழுதியவன் நான். அதைப் பற்றி நாலு பேரிடம் பெருமையும் அடித்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தபோது முதலாவது சேர்வரின் டிஸ்க் செத்துவிட்டது. டிஸ்க் இல்லாமலே மெஷின் எழும்பியது. டிஸ்க் வந்து பொருந்த வேண்டிய ஃபோல்டர் மட்டும் பெயரோடு, காலியாகக் கிடந்தது. என் கட்டளை அந்தக் காலியை உண்மை என்று நம்பி, மற்ற இரண்டிலும் இருந்ததை ஒன்றுவிடாமல் அழித்தது. நான் அம்பிட்டிய வீட்டிலிருந்து ஆபீஸ் வந்து சேர்வதற்குள் மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. டிஸ்க் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லி ஒரேயொரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை, மடையன்.

கம்பனியின் ஃபைல்களுக்கு மட்டும் வேறோர் இடத்தில் தனியாக ஒரு பிரதி இருந்ததால் அவை சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டன. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் ஒளித்துவைத்தது அந்தப் பிரதியில் எப்படி இருக்கும்? கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வருஷத் திதிக்கு முந்தின கிழமை அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அம்மா பேசுனத ஒருக்கா போடுங்களேன்."

நடந்ததைச் சொன்னேன். மனம் கேட்காமல், "ஒன் ஃபோன்ல பழசு கொஞ்சமாவது இருக்குமே, பாரு" என்றேன்.

"இல்ல மாமா. ஃபோன்ல எடமில்லன்னு நான் சொன்னப்ப, என்கிட்ட பத்திரமா இருக்கு, அழிச்சிருன்னு நீங்கதான சொன்னீங்க. அன்னைக்கே அழிச்சிட்டேன்."