குளிப்பாட்டிய மோட்டார்

ஊரில் அப்பாவுக்கு மைக் என்றுதான் பெயர். பழைய படகு மோட்டாரின் இரைச்சலோடு இருபது வருடம் போட்டி போட்டுப் பேசிப் பழகியதில், வீட்டில் அவர் உப்பு கேட்டால் அக்கரையில் கேட்கும். "பக்கத்துலதான இருக்கேன், ஊரைக் கூட்டாதீங்க" என்பாள் அம்மா. தினமும் காலை எட்டு மணிக்குள் நர்ஸம்மாவைத் தீவு ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு வேலையில்தான்.

புது மோட்டார் வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது மகள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். இடப்பக்கம் நல்லது: பெட்ரோல் பாதிதான் குடிக்கும், புகை இல்லை, சத்தம் இல்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்க வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். வலப்பக்கம் கெட்டது: விலை, எடை, கோளாறு வந்தால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும்.

"ஏன், நம்ம ஸ்க்ரூ டிரைவருக்கு என்ன கேடு?" என்றார் அப்பா.

"உள்ள சின்னதா ஒரு கம்ப்யூட்டர் இருக்குப்பா. எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்."

"அப்ப நான் எதுக்கு? அதையே உங்கம்மாவுக்குக் கட்டி வச்சிருக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் முடிவானது. பழைய மோட்டார் அம்மாவின் தம்பியிடம், அதாவது மகளின் மாமாவிடம் போனது. புதியது வந்தது.

வந்தது, சும்மா சொல்லக்கூடாது, தங்கம். படகு நடுக்கடலில் போகும்போதே நர்ஸம்மா போனில் பேசினார். ஒரே மாதத்தில் அப்பாவின் குரல் இறங்கியது. "மைக்கோட வயரைப் பிடுங்கிட்டாங்க போல" என்று அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அப்பா ஒன்றை மட்டும் மாற்றவில்லை. உப்பு இரும்பைத் தின்னும் என்பது அவர் வேதம். தினமும் சாயங்காலம் மோட்டாரின் மூடியைக் கழற்றி, உள்ளே இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுவார். பழையது அந்தக் குளியலில்தான் இருபது வருடம் ஓடியது. புதியதற்குச் செல்லமாக ஒரு வாளி கூடுதல். அந்த மூன்றாவது வாளியைக் குழாயடியிலிருந்து தூக்கி வந்தவள் மகள்.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பாதி வழியில் மோட்டார் கீச் கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதன்பின் எவ்வளவு முறுக்கியும் படகு, மனிதன் நடக்கிற வேகத்தைத் தாண்டவில்லை. நர்ஸம்மா போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள்: திங்கட்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் வேறு படகு.

சனிக்கிழமை கம்பெனி ஆள் வந்தார். லேப்டாப்பிலிருந்து ஒரு வயரை மோட்டாரில் செருகினார். பிறகு மூடியைக் கழற்றி, உள்ளே பச்சை பூத்திருந்த இணைப்புகளை விரலால் தடவினார்.

"யாருண்ணே இதைக் குளிப்பாட்டுனது?"

"நான்தான் தம்பி" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி. "ஒரு நாள் தவறினதில்ல."

வந்தவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "வெளியதாண்ணே கழுவணும். மூடியைத் திறந்து ஊத்தலாமா? கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள தண்ணி போயிருச்சு. புதுசு வர ஒன்றரை மாசம் ஆகும்."

"துடைச்சு வெயில்ல வச்சா?"

"அது வடகம் இல்லண்ணே."

பழைய மோட்டாரை இரவல் கேட்கலாம் என்றால், மாமா நண்டுக்குப் போவது அதை வைத்துத்தான். அவர் பிழைப்பைக் கெடுத்து எப்படிக் கேட்பது என்று அப்பா வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்களே மாமாவிடம் பேசிவிட்டார்கள்.

அன்று ராத்திரி மகள் மோட்டாரோடு வந்த புத்தகத்தை எடுத்தாள். ஸ்டார்ட் செய்வது எப்படி என்ற நாலு பக்கத்தோடு அவள் மூடி வைத்த புத்தகம். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் படமே இருந்தது: மூடி கழன்ற மோட்டார், ஒரு வாளி, மேலே குறுக்காகச் சிவப்புக் கோடு. எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற படம். அப்பாவிடம் காட்டினாள்.

அவர் விளக்கருகே பிடித்து வெகு நேரம் பார்த்தார். "வாளி நம்ம வாளி மாதிரியே இருக்கு" என்றார். பிறகு, "நீ என்னம்மா செய்வ, நான் கேட்டேன், நீ கொண்டாந்த" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை இருவரும் கரையில் நின்றார்கள். நர்ஸம்மா மாமாவின் படகில் ஏறும்போது இவர்களைப் பார்க்காமல் பையைச் சரிசெய்தார். "கோவிச்சுக்காதீங்க மச்சான், உங்களுது சரியாகிற வரைக்கும்தான்" என்று மாமா கயிற்றை இழுத்தார். நாலாவது இழுப்பில் பழைய மோட்டார் இருமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் ஒரே கரும்புகை.

அப்பாவின் காது விடைத்தது. "கிளம்பினதும் சோக்கை உள்ள தள்ளணும், மறந்துட்டான். அதான் இந்தப் புகை" என்று முணுமுணுத்தார். பிறகு கணுக்கால் தண்ணீரில் இறங்கி, கையைக் குவித்து, இரண்டு மாதமாக வீட்டில் கேட்காத அந்தக் குரலில் கத்தினார்.

"டேய்! சோக்கைத் தள்ளுடா! சோக்கு!"

மோட்டார் சத்தத்தில் படகில் யாரும் திரும்பவில்லை. அவர் மறுபடி கத்தினார்.